ஆடிப்பெருக்கில் கரைந்த கோடுகள்: தஞ்சாவூர் புற்றுநோய் மையத்தில் ஒரு நாள்

போனவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரரின் தங்கை அமுதா, அமுதாவின் கணவர் கலியமூர்த்தி அண்ணன். போன நாள் ஆடிப்பெருக்குக்கு மறுநாள், திங்கட்கிழமை. குத்தாலத்திலிருந்து தஞ்சாவூருக்கு. இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில் பயணங்களைத்தான் எழுதியிருக்கிறேன். இது புற்றுநோய் சிகிச்சை மையத்துக்குப் போய்வந்த கதை. பயந்துகொண்டு படிக்க வேண்டாம். எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை, ஆனால் அது சந்தோஷப் படபடப்பு.

அமுதாவுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சையும் மருந்து ஏற்றுவதும் முடிந்துவிட்டன. மிச்சம் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாளாக மொத்தம் இருபத்தைந்து நாள், இடையில் விடக்கூடாது. போன புதன்கிழமையே ஸ்கேன் எடுத்து, கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாக மார்பில் மையால் கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு அண்ணன் மட்டும்தான் கூடப் போயிருந்தார். திங்கட்கிழமை முதல் கரண்ட்.

காலை 6.20 பாசஞ்சரில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். கும்பகோணத்தில் கூட்டம் ஏறும், அதற்குள் நோயாளியை ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுங்கள். அண்ணன் வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாபநாசத்துல குறுவை நம்மளத விட ஒசரம்" என்றார்.

"வைத்தியத்துக்கு நான் வர்றேன், பயிர் பாக்க இவரு வர்றாரு அண்ணி" என்றாள் அமுதா.

7.55-க்குத் தஞ்சாவூர். அங்கிருந்து மையம் ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு, நூற்றிருபதுக்கு வந்தார். ஏறியதுமே, "கரண்டுக்கா, மருந்துக்கா?" என்றார். கரண்டுக்கு என்றேன். "அப்ப பின்வாசல்ல எறக்குறேன். முன்னாடி எறங்குனா அம்மா ரொம்ப நடக்கணும்." இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் காப்பீட்டு அட்டைக்குத் தனி மேசை. குடும்ப அட்டை, ஆதார், பழைய ரிப்போர்ட் மூன்றையும் நான் அடுக்கி வைத்திருந்ததால் பத்தே நிமிடத்தில் முடிந்தது. சிகிச்சைச் செலவு முழுவதும் அட்டையிலேயே அடங்கிவிட்டது. ரயில் சலுகைப் படிவத்தையும் டாக்டர் கையெழுத்தோடு தந்தார்கள். பெருமாளே, இவ்வளவு சுலபமா என்று மனம் துள்ளியது.

ஒன்பதரைக்கு அமுதாவை அறைக்குள் அழைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கரண்ட் வைக்கிற டெக்னீஷியன் பெண் வெளியே வந்தாள்.

"கூட வந்தவங்க யாருங்க? போட்ட கோட்டையெல்லாம் காணோமே, என்ன பண்ணுனீங்க?"

செய்தது நான்தான். முதல் நாள் ஆடிப்பெருக்கு. சிகிச்சை தொடங்குமுன் காவிரித்தாயின் கையில் ஒப்படைத்துவிடுவோம் என்று படித்துறைக்கு அழைத்துப்போய், காப்பரிசி வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் தேய்த்து, மூன்று முழுக்குப் போட வைத்தேன். "அண்ணி, கோடு இருக்கு" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். "காவேரி தண்ணி படுறது நல்லதுதான்" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இதை மறைக்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "ஏம்மா, காவேரி வியாதிய அடிச்சிட்டுப் போவும்னு பாத்தா, எங்க கோட்டையில்ல கொண்டு போயிருக்கு? கோடு இல்லாம கரண்ட் வைக்க முடியாதும்மா. மறுபடி ஸ்கேன் எடுத்து, கோடு போட்டு, வியாழக்கெழமதான் ஆரம்பிக்கணும்."

வியாழக்கிழமை என்றதும் அமுதாவின் முகம் மாறிவிட்டது. முடி கொட்டியதற்குக்கூட அழாதவள். "மொத நாளே தடங்கலு. வேணாம் அண்ணி, வூட்டுக்குப் போவலாம். இருபத்தஞ்சு நாளு என்னால முடியாது" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த பெஞ்சில் நான் கும்பிட்ட மாதிரி எந்தச் சன்னதியிலும் கும்பிட்டதில்லை. என் பக்தியால் அவள் வைத்தியம் நின்றுபோனால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அப்போதுதான் பாக்கியம் அக்கா வந்தார். பூதலூர்க்காரர். அவரும் இங்கே சிகிச்சை முடித்தவர், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்.

"கோடு போயிடுச்சா? எனக்கும்தான் போச்சு. மொத வெள்ளிக்கெழம, சீயக்காய் போட்டுத் தலை முழுவி, மேலெல்லாம் நல்லா தேச்சிக் குளிச்சேன். இந்தப் பொண்ணு என்னைய வையாத வசவெல்லாம் வஞ்சுது."

"தலையில முடி இருந்துச்சா அக்கா அப்ப?" என்றாள் அமுதா.

"ஒத்த முடி கெடையாது. சீயக்காய் என்னத்துக்குன்னு எங்க வூட்டுக்காரரு இன்னைக்கும் கேக்குறாரு."

அமுதா சிரித்தாள். சத்தமாக, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. பையைக் கீழே வைத்தாள்.

அதன்பின் பாக்கியம் அக்கா எங்களைச் சுற்றிக்காட்டினார். கை வீங்காமலிருக்கப் பயிற்சி தரும் அறை, என்ன சாப்பிடலாம் என்று எழுதித் தரும் அம்மா, மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகர். எதற்கும் கட்டணம் இல்லை. வளாகத்திலேயே வெளியூர் நோயாளிகள் தங்க ஒரு இல்லம். நாளுக்கு ஐம்பது ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து. தினமும் போக வர மூன்று மணி நேர ரயில் மிச்சம்! பன்னிரண்டரைக்கு அமுதா தானாகவே ஸ்கேன் அறைக்கு நடந்தாள். புதுக் கோடு போட்டு, இந்தத் தடவை மேலே கண்ணாடி மாதிரி டேப் ஒட்டிவிட்டார்கள். டெக்னீஷியன் பெண் என்னைக் கூப்பிட்டு, "பெரியம்மா, கரண்ட் முடியுற வரைக்கும் எந்த ஆத்துக்கும் கூட்டிட்டுப் போவாதீங்க" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு கொண்டுபோங்கள். கோடு போட்ட இடத்தில் சோப்பு, மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். எப்படிக் குளிப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாமிக்குச் செய்ய வேண்டியதைக் கூட இருக்கிறவர்கள் செய்தால் போதும். நான் இப்போது அமுதாவுக்கும் சேர்த்து முழுக்குப் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அந்த இல்லத்தின் பெண்கள் பகுதியில் தங்க, கூட ஒரு பெண் துணை இருந்தே ஆக வேண்டும். அண்ணனை அங்கே விட மாட்டார்கள். முதல் மூன்று வாரமும் கடைசி வாரமும் நான் இருக்கிறேன். நாலாவது வாரம் என் மகளுக்குப் பிரசவத்துக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரம் ஆள் இல்லாவிட்டால் அமுதா வீட்டுக்குத்தான் வர வேண்டும். வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போவாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நோயாளிக்கு ஒரு துணை இருக்கலாம் என்று இல்லத்துக்காரம்மா சொன்னார். இதைப் படிக்கிற உங்களில் யாராவது, உங்கள் வீட்டுப் பெண்ணுக்காக அதே வாரங்களில் அங்கே தங்கப்போகிறீர்களா? முதல் மூன்று வாரம் உங்கள் வீட்டுப் பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன், நாலாவது வாரம் அமுதாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை ஞாயிற்றுக்கிழமைக்குள் இல்லத்தில் சொல்ல வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.