முகாம் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை

ரங்கூனில் இருக்கும் சொந்தங்களுக்கும், அங்கிருந்து என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்கும் எழுதுவது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். இந்தப் பட்டணத்தில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. தாகத்தோடு வருகிறவன் குவளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "யார் வீட்டுத் தண்ணி?" என்று கேட்கிறான். ரங்கூனில் தெருவுக்குத் தெரு மரத்தடியில் பானைகள் இருக்கும். யார் வைத்தது என்று எவனும் கேட்டதில்லை.

சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் முகாம். சில நாள் தங்குவதற்கென்று போட்ட ஓலைக் கொட்டகைகள் மூன்று கோடை கண்டுவிட்டன. ஆண்கள் பலர் ரங்கூனில் பர்மியர்களோடு மூண்ட கலவரத்தில் செத்தார்கள். சிலர் பிழைப்புத் தேடிப் போய்த் திரும்பவில்லை. இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். புயலில் பறந்த கூரையை அவர்களே வேய்ந்தார்கள். பிரசவமும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சித்திரையில் செல்லம்மா அக்கா முகாம் வாசலில் முக்காலி போட்டு ஒரு பானை வைத்தாள். மூடி, கொட்டாங்கச்சி அகப்பை, எல்லாம் ரங்கூனில் வைப்பது போலவே. முதலில் வந்த ஜட்காக்காரர் வண்டியை நிறுத்திச் சிரித்தார்.

"இன்னாம்மே, கஞ்சிக்குச் சட்டி தூக்கினு நிக்கிறவ, நீ இன்னா எனக்குத் தண்ணி ஊத்துறே?"

"கஞ்சிக்கு நிக்கிறது நான். தாகத்துல நிக்கிறது நீ. குடி நைனா, குதிரைக்கும் இருக்கு."

குடிக்காமல் போனார். மறுநாள் குதிரைக்கு மட்டும் வாங்கினார். அதற்கு மறுநாள் அவரும் குடித்தார்.

அரிசி அளக்கும் மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. "நாளைக்கு தர்மம் பண்றவா பாக்க வரா. நீங்களே தண்ணிப் பந்தல் வச்சிண்டு நின்னா, இவாளுக்கு எதுக்கு அரிசின்னு நிறுத்திடுவா. எடுத்து உள்ள வைம்மா" என்றார். என் பக்கம் திரும்பி, "ஓய், நீராவது சொல்லும்" என்றார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அந்த அரிசியை விட்டால் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை என்பதும் தெரியும்.

"வாங்கித் தின்னா கை முடமாயிடுமா, சாமி?" என்றாள் அக்கா. "பானை இங்கதான் இருக்கும்."

அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் அறிவேன். கலவரத்தன்று காலையில் அவள் புருஷனை வெட்டிவிட்டார்கள். நாங்கள் துறைமுகத்துக்கு ஓடினோம். வழியில் ஒரு பர்மியப் பெண் தெருப்பானைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். அகப்பையை நீட்டினாள். அக்கா வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காரில் வந்தவர்கள் பானையைப் பார்த்துத் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் பாதி அரிசிதான் வந்தது. பெண்கள் அக்காவை ஏசுவார்கள் என்று பயந்தேன். யாரும் ஏசவில்லை. கஞ்சியை நீர்க்கக் காய்ச்சினார்கள். சிலர் மயிலாப்பூர் வீடுகளுக்கு நெல் குத்தப் போனார்கள். போகுமுன் குழாயடியில் காத்து நின்று பானையை நிரப்பிவிட்டே போனார்கள். இப்போது வாசலில் இரண்டு பானைகள்.

மத்தியானம் தாகமெடுத்தால் நான் வேலிக்கு வெளியே போய், வழிப்போக்கனாக நின்று குடிக்கிறேன். பிறகு உள்ளே வந்து, வீட்டுக்காரனாகக் குறைந்ததை ஊற்றி வைக்கிறேன்.

ஸ்ரீமுக வருஷம், வைகாசி மாதம் 3.