அதிகாரி கேட்டு வாங்கிய வேலை

எங்கள் மனிதாபிமான நிறுவனத்தில் முதலில் வாகனம் ஓட்டினேன். பிறகு போர்ச் சட்டப் பயிற்றுநர் ஆனேன். இரண்டிலுமே வளைவில் வேகம் குறைக்க எனக்கு வராது.

முதல் வகுப்பு மட்டக்களப்பில், வந்தாறுமூலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முன்னால் புதிய ஊழியர்கள். ஓரத்தில் மேலாளர் செல்வராணி அக்கா, மடியில் மதிப்பீட்டுத் தாள். வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இண்டைக்கு ஒழுங்காச் செய்தா ட்ரெயினர். இல்லாட்டி நாளைக்குத் திரும்பவும் ஸ்டியரிங்தான்."

தலைப்பு, போரில் பிடிபட்ட அதிகாரிகளை நடத்தும் முறை. எனக்கு விளக்குவதைவிட நடிப்பது சுலபம். பிடிபட்ட கப்டனாக நானே நின்றேன். புதிய ஊழியர்களில் ஒரு தங்கச்சி காவலராக நடித்து விளக்குமாற்றை நீட்டினாள்.

"கூட்டு!"

"நான் ஒபிசர்! என்னை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தேலாது. ஜெனீவா உடன்படிக்கை! போய்த் தேத்தண்ணி கொண்டு வா!"

மண்டபமே சிரித்தது. நான் காலை நீட்டி உட்கார்ந்து, "சட்டம் இவ்வளவுதான். அதிகாரிக்கு முழு ஓய்வு" என்று முடித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். பிற்பகல் பேச வந்த விருந்தினர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, சிங்களவர்.

"தம்பி, நான் உண்மையாப் பிடிபட்ட ஆள். இப்பிடிச் சத்தம் போடல்ல. பயத்தில தண்ணிகூடக் கேக்கல்ல."

சிரிப்பு நின்றது. என் கால் தானாக மடங்கியது.

"எனக்கு வேலை தரல்ல. அதுதான் கஷ்டம். காலையில சுவர், பின்னேரம் அதே சுவர். நானே கேட்டன், ஏதாவது தாங்க எண்டு. குசினியில வெங்காயம் உரிக்க விட்டாங்க. என்ட தமிழ் அங்க படிச்சதுதான். 'சேர், தோலைத் தடிப்பா உரிக்காதீங்க' எண்டு சமையல்காரன் மரியாதையா ஏசுவான்." என்னைப் பார்த்து, "அந்த விதியில இன்னொரு வரி இருக்கே, தம்பி?" என்றார்.

இருந்தது. அதிகாரிகள் தாமாக வேலை கேட்டால், இயன்றவரை ஏற்றதைக் கொடுக்க வேண்டும். என் பகிடிக்கு இடைஞ்சல் என்று நான்தான் அதை விட்டிருந்தேன்.

அக்காவைப் பார்க்கத் துணிவில்லை. வரியை உரக்க வாசித்து, "விட்டது என்ட பிழை, சேர்" என்றேன். எழுந்து, நான் இருந்த கதிரையை அவருக்குக் கொடுத்தேன். மிச்ச வகுப்பை அவர் எடுத்தார். நான் ஊழியர்களோடு உட்கார்ந்து குறிப்பெழுதினேன்.

கடைசியில் அக்கா தாளை நீட்டினார். தேர்ச்சி!

"நடிப்புக்கா அக்கா?"

"விசர்க் கதை கதைக்காத தம்பி. எழும்பிக் கதிரையைக் குடுத்தாயே, அதுக்கு."

இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வகுப்பெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விதியைக் கடைசிப் புள்ளி வரை வாசியுங்கள். சிரிக்க வைக்கும் பாதியோடு நிறுத்தினால், மற்றப் பாதியை வாழ்ந்தவர் பின்வரிசையில் இருப்பார்.