சேக் இஸ்மாயிலின் மீசையும் விருமாண்டியின் படகு மோட்டாரும்

அந்த நாளில் மதுரையில் பஸ் ஓட்டியவர்களுக்கு மெக்கானிக் சேக் இஸ்மாயிலை விட அவருடைய மீசையை நன்றாகத் தெரியும். தெற்கு வெளி வீதிக் கொட்டகையில் ஏதாவது எஞ்சினுக்குள் அவர் தலையை விட்டிருந்தாலும் மீசையின் இரண்டு முனையும் வெளியே தெரியும் என்று கேலி பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நான் சொல்கிறேன், அது கேலியே இல்லை. மனிதர் கெட்டிக்காரர்தான். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவதால் மற்றவர்கள் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அந்த மீசைக்கு ஊரில் ஒரே ஒரு விரோதி, அவர் மனைவி ஹாஜரா. "சோத்துல பாதி அதுக்குத்தான் போகுது" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எடுக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். இஸ்மாயில் மற்ற எல்லாவற்றுக்கும் மண்டையாட்டுவார், இதற்கு மட்டும் காது கேட்காது.

முப்பத்தேழாம் வருஷ ஐப்பசியில் சோழவந்தான் விருமாண்டி ஒரு படகு மோட்டாரைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினார். கண்மாய்களில் வாத்துச் சுட்டுத் திரிந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய சாமான் அது. விருமாண்டியின் வெற்றிலைக் கொடிக்கால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. மற்ற நாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைகையைக் கடந்துவிடலாம். மலையில் பெய்த மழைக்கு அந்த வருஷம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. துடுப்புப் போட்டு வெற்றிலைக் கூடைகளைக் கொண்டு வருவதற்குள் ரயில் போய்விடுகிறது. கிள்ளிய வெற்றிலை காத்திருக்குமா? அதனால்தான் அவர் மோட்டாரை நம்பினார்.

இஸ்மாயில் அதைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கயிற்றைச் சுண்டினார். உடனே பிடித்துக்கொண்டது. ஆற்றில் கொண்டுபோய் இறக்கினால் ஊமை. திரும்பவும் வண்டியேறி வெயிலில் காய்ந்துகொண்டு மதுரைக்கு வந்தது, கொட்டகையில் ஜம்மென்று ஓடியது. ஆற்றில் மறுபடி ஊமை. இப்படியே போய்ப்போய் வந்ததில் பஸ்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இஸ்மாயிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாப்ள, இந்தத் தடவ நானே வாரேன். நான் கை வச்ச பெறகு இது நடு ஆத்துல நின்னுச்சுன்னா மீசைய எடுத்துர்றேன்!" என்று விருமாண்டியிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

சேதி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அன்று தொழுகைக்குப் பிறகு ஹாஜரா வெகுநேரம் கையேந்தி உட்கார்ந்திருந்தார். கணவருக்காக துஆ கேட்டதாகச் சொன்னார். என்ன கேட்டார் என்பதைத்தான் சொல்லவில்லை.

விருமாண்டி ரயிலடிக்குப் போகும் வண்டியோடு இக்கரையில் நிற்க, அவர் மனைவி இருளாயி துடுப்புப் போட்டு இஸ்மாயிலையும் மோட்டாரையும் அக்கரைக்குக் கொண்டுபோனார். கூடைகள் ஏறின. கயிற்றை இழுத்தால் மோட்டார் பழையபடி ஊமை. இஸ்மாயில் பிளக்கைக் கழற்றி எஞ்சின் இரும்பின் மேல் வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பொறி வரவில்லை. பிளக்கிலிருந்து அதற்குக் கரண்ட் தருகிற மேக்னெட்டோ வரைக்கும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் நனைந்தது. ஒயரின் மேல் சுற்றியிருந்த துணி சொதசொதவென்று ஊறியிருந்தது, உள்ளே ரப்பர் வெடித்துக் கிடந்தது. காய்ந்திருந்தால் கரண்ட் ஒழுங்காகப் பிளக்குக்குப் போகும். ஈரமானால் வழியிலேயே இரும்புக்குள் இறங்கிவிடும்.

சரி, தண்ணீருக்கு மேலே இருக்கிற ஒயர் எப்படி நனைந்தது? திரும்பிப் பார்த்தார். இருளாயி தன் மருமகளைப் பற்றிப் படகுத்துறையில் நின்றவளிடம் குறை சொல்லிக்கொண்டே, வெற்றிலை வாடாதிருக்க ஆற்று நீரை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார். இந்தக் கூடைக்கு ஒரு கை, அந்தக் கூடைக்கு ஒரு கை, மோட்டாருக்கு ஒரு கை.

"தங்கச்சி, மோட்டாருக்கு எதுக்குத் தண்ணி தெளிக்கிற?"

"நானா? நான் எங்கண்ணே தெளிச்சேன்?" என்று கேட்டபடியே இருளாயி இன்னொரு கை தெளித்தார்.

இஸ்மாயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொடிக்காலிலேயே வளர்ந்த கை அது, பக்கத்தில் எது இருந்தாலும் நனைத்துவிடும். ஒயரைத் துடைத்துக் காயவைத்து சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றினார். ஆனால் பிளக்கின் தலை சூடேறும், அதைச் சுற்றி மூட முடியாது. "இதுமேல ஒரு சொட்டுப் படக்கூடாது. நீ முன்னால போய் உக்காரு" என்றார்.

"அப்ப வெத்தலைக்கு யாருண்ணே தெளிக்கிறது?"

"நான் தெளிக்கிறேன். இதுக்கென்ன பரீச்சையா எழுதணும்?"

மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்தது. இடது கையில் சுக்கானும் வலது கையில் தண்ணீருமாக, தான் கோளாறைக் கண்டுபிடித்த கதையை இஸ்மாயில் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். விரல், ஒயர், ஈரம், மூளை என்று கதை போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில் மோட்டார் இருமியது, நின்றது. படகு மெல்லத் திரும்பி வெள்ளத்தோடு போக ஆரம்பித்தது.

"அண்ணே," என்றார் இருளாயி பயந்துபோய், "இப்ப நான் தெளிக்கல."

இஸ்மாயில் தன் வலது கையைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பார்த்தார். அதுவும் சொட்டிக்கொண்டிருந்தது.

தலைத்துணியை அவிழ்த்துப் பிளக்கைத் துடைத்து, கயிற்றைச் சுற்றி, அல்லாவைக் கூப்பிட்டு இழுத்ததில் ஒருவழியாக மோட்டார் பிடித்தது. கரையில் ஒரு கூட்டமே காத்திருந்தது.

"என்ன மாப்ள, நடு ஆத்துல நின்னுச்சே?" என்றார் விருமாண்டி. எல்லோர் கண்ணும் மீசை மேலேயே இருந்தது.

இஸ்மாயில் வாயைத் திறக்கும் முன் இருளாயி முந்திக்கொண்டார். "நாந்தான். கை சும்மா இருக்காம மோட்டார்ல தண்ணியத் தெளிச்சுட்டேன். அண்ணே மேல தப்பு இல்ல."

கூட்டம் இருளாயியைப் பார்த்துச் சிரித்தது. "எம்புட்டுச் சொன்னாலும் ஒனக்கு ஏறாது" என்று விருமாண்டி கரித்துக்கொட்டினார். இஸ்மாயில் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். கூடைகள் வண்டியேறிவிட்டன, ரயிலும் கிடைத்துவிடும், மீசையும் பிழைத்துவிட்டது. ஆனால் தனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தங்கச்சிய வையாத மாப்ள. தெளிச்சது நாந்தான்" என்றார். "இந்த ஊர்ல நாசுவர் வீடு எங்க இருக்கு?"

அன்று சாயங்காலம் கதவைத் திறந்த ஹாஜரா, யாரோ என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அடையாளம் தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் வீடுவரை கேட்டது. இருளாயி கொடுத்தனுப்பிய வெற்றிலைக் கட்டை வாங்கித் தரையில் வைத்து, வாடிவிடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தார். இஸ்மாயில் அவசரமாகத் தன் சாமான் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

ஹாஜரா அந்த வெறும் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

"என்னங்க," என்றார், "அத மறுபடி வளத்துருங்க."