சொன்னதைத் திருப்பிச் சொன்ன அடைக்கலமேரி

காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் லைன்மேனாக இருந்தபோது ஒரே ஒருவருக்குத்தான் அடங்கினேன். அவர் மேலதிகாரி இல்லை, ஆபரேட்டர் அடைக்கலமேரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவரோ குரலை உயர்த்தியே அறியாதவர். அப்படிப்பட்டவரிடம் யாரால் சண்டை போட முடியும்?

இடைக்காட்டூர்ப் பக்கத்து வாத்தியார் மகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றைக்கெல்லாம் சென்னைக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். பதிகிறவர் எண்ணைச் சொன்னதும் ஆபரேட்டர் அதைத் திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே அடுத்த வேலையைப் பார்ப்பார். மற்றவர்கள் எண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். மேரியக்கா மனிதர்களின் கஷ்டத்தையும் திருப்பிச் சொன்னார்.

ஒருநாள் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் போனில் பொரிந்து தள்ளினார். மேரியக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "மூணு மணி நேரமாக் காத்திருக்கீக. மெட்ராஸ்ல மகளுக்குப் பிரசவ நேரம், சேதி தெரியாமப் பயந்து போயிருக்கீக. சரியா ஆச்சி?" என்றார்.  "சரிதான் தாயி. கெடச்சதும் குடு" என்று அந்தப் பக்கம் ஆச்சியின் குரல் இறங்கி வந்ததாம். பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சல்.

"திட்டுறவுகளுக்குத் தாலாட்டுப் பாடுறீகளாக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

எழுபத்து நாலில் என் முறை வந்தது. கோட்டையூருக்கு மேற்கே எனக்கும் அண்ணன் பெரியகருப்பனுக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு பம்புசெட்டு. ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை. ஒரு வாய்த்தகராறில் நான், "கரண்டு என் பேர்ல இருக்கு, தெரியும்ல" என்று வார்த்தையை விட்டேன். மறுநாள் அண்ணன் பம்பு ரூமைப் பூட்டிவிட்டார். ரூம் அவர் கட்டியது. மழையும் ஏமாற்றிய வருடம். கதிர் வாங்கும் நேரத்தில் என் நெல் சுருண்டுகொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் அது மாட்டுக்குத்தான் ஆகும்.

சனிக்கிழமை எக்ஸ்சேஞ்சில், பூட்டை அறுக்க ஹேக்ஸா பிளேடை எடுத்துப் பையில் வைத்தேன். மேரியக்கா பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார், சொன்னேன்.

"நீ பூட்டை அறுத்தா அவுக அருவாளை எடுப்பாக. நாளைக்குப் பூசை முடிஞ்சு நான் வாரேன். அதுக்கப்புறம் அறுத்துக்க" என்றார்.

வந்தார். எங்கள் இருவரையும் கிணற்று மேட்டில் உட்கார வைத்தார்.

"ஒருத்தர் பேசுறப்ப மத்தவுக வாயத் தொறக்கக் கூடாது. அவுக முடிச்சதும், சொன்னதைத் திருப்பிச் சொல்லணும். அவுக 'சரி'ன்னாத்தான் ஒங்க பேச்சு. மொதல்ல பெரியவரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிர் காய்வது எனக்கு, முதல் பேச்சு அவருக்கா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி பேசினார். "பன்னெண்டு வயசுலருந்து இந்தக் கெணத்துல மாடு கட்டிக் கமலை ஓட்டித் தண்ணி எறச்சேன். இவன் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சான். மோட்டார் வந்த அன்னைக்குப் பூமாலை, சந்தனமெல்லாம் வாங்கியாந்தான். பெரிய ஆளுகளைக் கூட்டியாந்து சுவிட்சைப் போடச் சொன்னான். நான் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு அங்குட்டு, கமலைச் சரிவுல நின்னேன்."

"நான் வேணும்னே அவமானப்படுத்துனேன்கிறாக" என்றேன்.

"அப்படிச் சொல்லலை" என்றார் அண்ணன்.

"மாலை போடலைன்னு கோவம்."

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேவிட்டார். மேரியக்கா அசரவில்லை. "உக்காருங்க பெரியவரே, இவரு இன்னும் முடிக்கலை" என்று என் பக்கம் திரும்பினார். "மலையாண்டி, அவுக எங்க நின்னதாச் சொன்னாக?"

திரும்பிப் பார்த்தேன். கமலை மாடு இறங்கி ஏறிய சரிவு, புல் மண்டிக் கிடந்தது. அதில் அவர் நடந்து நடந்து இறைத்த தண்ணீரில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. 

"தண்ணி எறச்சு என்னையப் படிக்க வச்சீக. மோட்டார் ஓடுன அன்னைக்கு, வாங்கண்ணே, நீங்க போடுங்கன்னு நான் ஒரு வார்த்தை கூப்பிடலை. கரண்டு என் பேர்லன்னு சொன்னப்ப, நீங்க பட்ட பாட்டையே இல்லைன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார்.

அடுத்து என் முறை. என் நெல் காய்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்.  அண்ணன் ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னார். "ஒன் நெல்லு காயுது. பூட்டப் பாத்ததும், அண்ணன் நம்மளைய விரட்டுறானேன்னு இருந்துச்சு. சரியாடா?"

இரண்டாவதை நான் சொல்லவே இல்லை. ஆனால் இரண்டு வாரமாக என்னைத் தின்றது அதுதான். "சரிண்ணே" என்றேன்.

அவர் சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே போடுங்கண்ணே." அவர் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் தொட்டியில் வந்து அறைந்தது. அன்று அவருடைய முறைநாள். மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை என் வயல் பக்கம் திருப்பிவிட்டார். நெல் பிழைத்தது. கரண்டு கனெக்சனையும் இருவர் பெயருக்கும் மாற்றினேன்.

சேதி பரவி, பங்காளிச் சண்டை, மாமியார் சண்டை எல்லாம் மேரியக்காவைத் தேடி வந்தன. எல்லாருக்கும் அதே விதிதான். பெரும்பாலும் ஜெயித்தார்.

எழுபத்தேழில் பெரிய மோட்டார் வாங்கினோம். மாலை, சந்தனம், ஊரே திரண்ட கூட்டம். சுவிட்சைப் போட அண்ணன் அழைத்தது அடைக்கலமேரியை. "நீங்கதான் போடணும். சரியா?" என்று அக்காவின் பாணியிலேயே கேட்டார். "சரி" என்று மேரியக்கா சுவிட்சைத் தட்டினார். நான் அன்று மாட்டைப் பிடித்துக்கொண்டு சரிவோரம் நின்றேன். அந்த இடத்தை அண்ணனிடம் நானே கேட்டு வாங்கியிருந்தேன்.