மூத்தவள் செய்தது சரியா

என் அண்ணனும் அண்ணியும் எதற்காகச் சண்டை போடுவார்கள் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். வீட்டுச் செலவுக்காகவோ நாத்தனார் தொல்லைக்காகவோ அவர்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. நாத்தனார் நான்தான். எனக்கே அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர்கள் கீரியும் பாம்புமாக நின்றதெல்லாம் டிவி சீரியலில் வருகிறவர்களுக்காக.

அதிலும் ஒரு சீரியல் இருக்கிறது. அக்கா தங்கை கதை. அப்பன்காரன் இரண்டு பெண்களையும் விட்டுவிட்டு எவளோடோ போய்விடுகிறான். மூத்தவள், 'அப்பா செத்துட்டார்' என்று சின்னவளிடம் பொய் சொல்லி வளர்க்கிறாள். பல வருஷம் கழித்து அவன் வாசலில் வந்து நிற்கும்போது, யாரோ வழி தவறி வந்த ஆள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறாள். மூத்தவள் செய்தது சரியா தப்பா? அந்த சீரியல் முடிந்து எத்தனையோ காலமாகியும் அண்ணன் வீட்டில் அந்த வழக்கு மட்டும் முடியவில்லை.

"பொய் பொய்தான். பெத்த அப்பனை உயிரோட கொன்னவ அவ" என்பான் அண்ணன்.

"அந்தக் குழந்தை மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது எப்படிங்க பொய்யாகும்? உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் எங்கயாவது கழட்டி மாட்டிட்டீங்களா?" என்பாள் அண்ணி.

கழற்றி மாட்டுவது அண்ணனின் தொழில். லிஃப்ட் ரிப்பேர்காரன். பாதி வாழ்க்கையை லிஃப்ட் குழிக்குள் நின்று, மேலே இருக்கிற ஆளுக்குக் கேட்கும்படி கத்தியே கழித்தவன். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட மாடி வீட்டுக்காரர்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் போலிருக்கும். அண்ணி துணிக்கடையில் வேலை. வாங்குகிற பேண்டின் நீளத்தைக் குறைத்து, இடுப்பைப் பிடித்துக் கொடுக்கிறவள். நாளெல்லாம் யார் யார் காலடியிலோ மண்டியிட்டுக் குண்டூசி குத்திவிட்டு, பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் மெஷினை ஓட்டிவிட்டு, வீங்கின காலோடு வீடு வருவாள். வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்துவிடுவாள். கையில் மிச்சத் தையல், வாயில் குண்டூசி. குண்டூசியைத் துப்பாமலே சண்டை போடுகிற ஒரே பெண்பிள்ளை இவள்தான் என்று நான் கேலி செய்வேன்.

பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தச் சத்தம்தான் அந்த வீட்டுக்கு நிறைவு.

ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் அண்ணன் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் விழித்திருக்கிறான். கூட வேலை செய்கிறவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை. மெல்ல மெல்லப் பேச்சு வற்ற ஆரம்பித்தது. முதலில் பொருள்களின் பெயர் போயிற்று. 'அது எங்க, அதான் அது' என்று தேடுவான். பிறகு தேடுவதையும் விட்டுவிட்டான். அப்படிக் கத்தின மனுஷன் ஒரு வார்த்தை இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா ஒன்றுதான் சொன்னாள். "இதைத் திருப்ப முடியாதுங்க. ஆனா பேச்சை மட்டும் விடாதீங்க. பேசிட்டிருக்கிற வரைக்கும் உங்களையெல்லாம் பிடிச்சுட்டு இருப்பார்."

அண்ணி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டால் அவன் தலையைத்தான் ஆட்டுவான். ஒரு சாயங்காலம் அந்தப் பழைய சீரியலைப் போட்டுவிட்டு, தையலைப் பார்த்தபடியே, "என்ன இருந்தாலும் மூத்தவ செஞ்சதுதான் சரி" என்றிருக்கிறாள்.

"எப்படிடி சரி? பெத்தவனைச் செத்துட்டான்னு சொல்றது சரியா? நீயெல்லாம் ஒரு..." என்று அண்ணன் எகிறினான். முழு வாக்கியம்! அதற்கப்புறம் இன்னொன்று. மறுநாள் எனக்குப் போன் செய்து, "உங்கண்ணன் என்னைத் திட்டிட்டாரு, வாய் நிறையத் திட்டிட்டாரு" என்று அழுதாள். புருஷன் திட்டினதற்கு ஆனந்தக் கண்ணீர் விட்டவளை நான் அன்றுதான் கண்டேன்.

அன்றிலிருந்து அவனுடைய வாயைப் பிடுங்குவதே அவளுக்கு இரண்டாவது வேலையாகிவிட்டது. சீரியலை முதலிலிருந்து ஓட்டினாள். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. வேறு நாடகங்களையும் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தாள். எதுவும் அவனை அசைக்கவில்லை. இந்த அக்கா தங்கைதான் அவனை உசுப்பினார்கள். மூத்தவள் பேச்சு பழசாகி அவன் சுணங்கும்போது, எடுத்ததற்கெல்லாம் அண்ணி ஏறுக்குமாறாகப் பேசினாள். சின்னவளின் புருஷன் ஒரு பித்தலாட்டக்காரன். "அவரை மாதிரி ஒரு தங்கமான மாப்பிள்ளை கிடைக்குமா?" என்பாள். மனசுக்குள் அவனைக் காறித் துப்பிக்கொண்டே சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வார்த்தைக்குத் திணறித் திணறி, கடைசியில், "அவன் திருடன்! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்பான். அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு ஒரு மாதிரி அமைதி வந்தது. அதை நாங்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

அண்ணன் எதற்கும் முகம் சுளிக்காமல், புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தான். "மூத்தவ செஞ்சது சரிதானே?" என்று அண்ணி கேட்டால், "சரிதான்" என்றான். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அண்ணனின் கோபம் தணிந்துவிட்டது, மனசு தெளிந்துவிட்டது, இனிமேல் தேறிவிடுவான் என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் நான்தான் சொன்னேன். பார்க்க வந்தவர்களும், "ஆளு எவ்வளவு பக்குவமாயிட்டாரு" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அண்ணி மட்டும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

"என்ன அண்ணி இது? மனுஷன் இப்பத்தான் அடங்கியிருக்கான். அதுக்குப் போய் அழுறீங்களே?"

"உனக்குப் புரியாது" என்றாள். "உங்கண்ணன் என்கூட ஒத்துப்போற ஆளா? ஒத்துப்போறாருன்னா, என்னை யாருன்னு நெனச்சுட்டிருக்காரு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "ரொம்பத்தான் யோசிக்கிறீங்க" என்று சொல்லி மழுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அங்கே இருந்தேன். சீரியலில் அப்பன் வாசலில் வந்து நிற்கிற கட்டம். அண்ணி டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். தலைகீழாக நின்று பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூத்தவள் தெய்வம் என்றாள். அண்ணன், "ஆமாங்க" என்றான். மூத்தவள் ராட்சசி என்றாள். அதற்கும், "ஆமாங்க" என்றான். மாப்பிள்ளை தங்கம் என்றாள். தங்கம்தான் என்றான். அண்ணியின் குரல் உடைந்தது.

"ஏங்க, எங்கூடச் சண்டை போடுங்க. ஒரே ஒரு தடவை. இல்லடி, நீ சொல்றது தப்புடின்னு சொல்லுங்க. உங்களைக் கும்பிடுறேன்."

அண்ணன் சங்கடத்தோடு நெளிந்தான். ரொம்ப மரியாதையாக, "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட போய் யாராவது சண்டை போடுவாங்களா?" என்றான். "எங்க வீட்டுக்காரி வரட்டும். அவ வந்தா வேணா பாருங்க வேடிக்கையை."

அண்ணி அழவில்லை. என்ன நினைத்தாளோ, ஆணியில் மாட்டியிருந்த கடைப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. திரும்ப ஏறும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். உள்ளே நுழைந்து, எப்போதும்போலச் செருப்பை உதறிவிட்டு, கையிலிருந்த இரண்டு குண்டூசியை உதட்டில் கடித்துக்கொண்டு, "அப்பாடா, காலெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. என்ன, அதையேதான் பார்த்துட்டிருக்கீங்களா? நான் சொல்றேன், மூத்தவ செஞ்சதுதான் சரி" என்றாள்.

அந்தக் குரலில் நடுக்கமே இல்லை. நானே நம்பிவிட்டேன்.

அண்ணன் எழுந்து நின்றான். அவன் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க, உக்காருங்க. அவ வெளிய போயிருக்கா, வந்துருவா" என்றான்.

அண்ணி குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்து மூடிக்கொண்டாள். மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற மாதிரி, "உங்க வீட்டுக்காரங்க எப்படி?" என்று கேட்டாள்.

"அவளா? வாய்னா வாய், அப்படியொரு வாய். அந்த மூத்தவ செஞ்சது சரின்னு ஒத்தக் கால்ல நிப்பா. நான் தப்புன்னு சொல்வேன்." அண்ணன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அவன் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை. "உண்மையில அவ சொல்றதுதாங்க சரி. அவகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்? சொன்னா சந்தோஷப்படுவாங்களே."

"சொன்னா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவா, இல்ல மெஷின்ல உக்காந்துருவா. நாளெல்லாம் மண்டி போட்டு வேலை செய்யிறவ. சண்டைன்னாதான் ஒரு இடத்துல காலை நீட்டி உக்காருவா. எனக்கும் பக்கத்துல ஆள் இருக்கும்."

அண்ணி, "சொல்ல மாட்டேங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் போய் அவள் தோளைத் தொட்டேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

அண்ணன் பதறிப்போனான். அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டினான், பிறகு இழுத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "யாரோ பாவம், நம்ம வீட்டுல வந்து அழுறாங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். போய் அவளைச் சீக்கிரம் வரச் சொல்லேன்" என்றான்.