மாமி சொன்ன விடைகள்

என் மனைவியின் உம்மா, அதாவது என் மாமி, கலியாணமாகி இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து சேருவான். மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். சோறு மனைவியின் கையால் வரும். ஆணம் போதுமா என்ற கேள்வியும் மனைவியின் வாயால்தான் வரும்.

நான் வயல்பக்கத்து ஊர்க்காரன். சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டை மாமிக்கு அவர் உம்மா கொடுத்தார், மாமி என் மனைவிக்குக் கொடுத்தார். எங்களில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் பிறந்த வீடு சகோதரிக்குப் போகும், புகுந்த வீடு மனைவியுடையது. மீசையை முறுக்கலாம், ஆனால் முறுக்கிக்கொண்டு நிற்க அவனுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தக் காலத்தில் இதைப் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன்.

கந்தோர் வேலை விட்டு வந்ததும் மண்டபத்தில் உட்கார்ந்து பேப்பரின் குறுக்கெழுத்தை எடுப்பேன். ஆசை மலையளவு, ஆனால் பாதிக் கட்டத்துக்கு மேல் எனக்கு ஓடாது. ஒருநாள் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்: "அடுத்தவர் நன்றாக இருந்தால் வருவது. மூன்றெழுத்து." அவளுக்கு இந்த விளையாட்டில் எல்லாம் பொறுமை கிடையாது. "எனக்கென்ன தெரியும்" என்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குசினித் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"மகள், நம்மட மதில் கட்டின நாளையிலிருந்து முன்வீட்டுக்காரிக்குப் பொறாமை, கண்டியா."

முன்வீட்டுக்காரியைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணினேன். பொ, றா, மை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் காற்றுக்கு வாசிப்பேன், மாமி மகளுக்குச் சொல்வார், அல்லது கோழிக்குச் சொல்வார். "வயல்களைப் பிரிப்பது, நான்கெழுத்து" என்றால், குசினிக்குள் வந்த கோழி 'வரம்பு தெரியாத சனியன்' என்று ஏச்சு வாங்கும். சின்ன வயதில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் என்பதால் புராணக் கேள்விகளும் அவரிடம் தப்பாது. "அருச்சுனனின் வில்" என்று நான் முழிக்க, "மகள், எங்கட பள்ளிக்கூட சேர்ட பிரம்புக்கு நாங்க வெச்ச பேரு காண்டீபம்" என்று பதில் வந்தது. எழுத்துகள் குழம்பியிருக்கும் கேள்விகளில் அவர் புலி. நான் வாசித்து முடிக்கும் முன் விடை திரைக்கு இந்தப் பக்கம் வந்து விழும்.

"ரெண்டு பேரும் நேரா கதைச்சா வாயில இரிக்கிற முத்து உதிர்ந்திருமா?" என்பாள் மனைவி.

மற்றவர்கள் என்னை மாப்பிள்ளை என்று மரியாதை செய்தார்கள். மாமி ஒருவர்தான் என்னோடு பேசினார், பேசாமலே பேசினார். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு அவரும் ஒரு காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. ஞாயிறு பேப்பரில் பெரிய குறுக்கெழுத்து வரும். நான் இன்னும் பாயை விட்டு எழும்பவில்லை. திரைக்குப் பின்னால் மாமி சொன்னது நன்றாகக் கேட்டது.

"மகள், ஞாயித்துக்கிழமப் பேப்பர் வெள்ளனயே முடிஞ்சிருமாம். போன கிழமையும் கிடைக்கல்ல."

மனைவி காலால் என்னை இடித்தாள். "விளங்கினா எழும்புங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரதான வீதிக்குப் போனேன். கொழும்பிலிருந்து வரும் பேப்பர்க் கட்டு அன்று பிந்தியது. கடைக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றபோதுதான் கடற்கரைப் பக்கத்திலிருந்து சனம் ஓடிவந்தது. என்ன என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. பின்னாலேயே கறுப்பாகத் தண்ணீர் வந்தது.

மாமியைத் தண்ணீர் தூக்கிப் பக்கத்து மாடிவீட்டுப் படிக்கட்டில் போட்டிருந்தது. என் மனைவியை எங்கும் போடவில்லை, கொண்டு போய்விட்டது. எங்களோடு இருந்த அவளுடைய தங்கை அன்று அவர்களுடைய அண்ணன் வீட்டில் நின்றதால் தப்பினாள். மனைவியின் ஜனாஸாவைப் பிறகு கண்டெடுத்து மையவாடியில் அடக்கினோம். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

முதலில் பள்ளிக்கூட வகுப்பறையிலும் பிறகு தகரக் கொட்டிலிலும் மாமியும் மச்சினியும் நானும் கிடந்தோம். உலகமே அள்ளுண்டு போயிருந்த அந்த வகுப்பறையில் மாமி முதலில் கேட்டது ஒரு சீலை. எனக்கும் தனக்கும் நடுவே கயிற்றில் அதைத் தொங்கவிட்டார். சில மாதம் கழித்து, மனம் கேளாமல், ஒரு பேப்பர் வாங்கி வந்து முன்னைப்போல ஒரு கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். கேட்கவில்லையோ என்று திரும்பவும் வாசித்தேன். மாமி எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் போய்விட்டார்.

இதற்குள் மச்சான், என் மனைவி காக்கா என்று கூப்பிடும் அண்ணன், ஊரெல்லாம் கதையை அவிழ்த்து விட்டிருந்தான். பொண்டாட்டியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டம் நிரப்பப் போன மனிசன் நான். பேப்பர் பைத்தியம். தேத்தண்ணிக் கடையில் நான் நுழைந்தால் வாங்கில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள். மச்சான் இதை மாமியின் காது கேட்கவும் சொன்னான். சீலைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். 'நான்தான் அனுப்பினேன்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், என் தலை நிமிர்ந்திருக்கும். கோழிக்குக்கூட விடை சொன்ன வாய் அன்று திறக்கவில்லை.

நானும் வெளியே சொல்லவில்லை. மகளைப் பறிகொடுத்த தாயைக் கையைக் காட்டி, இவர்தான் அனுப்பினார் என்று எப்படிச் சொல்வது? அதோடு எனக்கும் ரோசம் இருந்தது. வந்தால் அது அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். வரவில்லை. கன்னி கழியாத மச்சினி இருக்கிற இடத்தில் தனி ஆம்பிளைக்கு என்ன வேலை என்று ஊர் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். அங்கே நான் விருந்தாளி. முதல் மாதம் கோழியும் பிறகு கீரையும் கிடைத்தன.

வருடங்கள் போய், போர் முடிந்தது என்று ரேடியோ சொன்ன கிழமையில்தான் புது வீட்டுக் கதை வந்தது. கல்முனையில் பட்டாசு வெடித்தது, சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள், கடைகளில் கொடி தொங்கியது. எனக்கு யாருக்கும் பாற்சோறு ஊட்டுகிற மனநிலை இல்லை. கடலில் வீடிழந்தவர்களுக்கென்று வயல் நிரவிக் கட்டிய வீடுகளில் ஒன்று என் பெயருக்கு வந்திருந்தது. பதிந்த உத்தியோகத்தருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. குடும்பத்துக்குத் தலைவன் ஆண் என்று எழுதிவிட்டார். மூன்று தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வீட்டுக்கு ஈடாக வந்த வீடு, வீடற்ற என்னிடம் வந்து சேர்ந்தது.

மச்சான் என் சகோதரியின் வீட்டுக்கு வந்தான், உட்காரவில்லை. "தங்கச்சிக்கு வீடு இல்லாட்டி மாப்பிள இல்ல. உம்மாட ஊடு அது. எழுதித் தாங்க."

"மாமி வந்து கேட்கட்டும்" என்றேன்.

"உம்மா எப்ப உங்களோட கதைச்சவ?"

"அதனாலதான் சொல்றன்."

வீட்டைக் கொடுக்க நான் எப்போதோ தயார். அது என் வீடு அல்ல என்பது மச்சானைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வேண்டியது வேறு. மச்சானுக்கு முன்னால் மாமி ஒரு தடவை உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கிருந்த ஒரே பிடி அந்த வீடு.

இரண்டு நாள் கழித்து மாமி வந்தார். மச்சான் வீதியில் ஆட்டோவிலேயே இருந்துவிட்டான். மாமி தனியாக உள்ளே வந்து எனக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தார். நடுவில் திரை இல்லை. முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். என் மனைவியின் கண்கள் அவரிடம் இருந்தன. இது எனக்குத் தெரியாமலே இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

"மகன்" என்றார். "இளையவளுக்கு அந்த ஊட்ட எழுதித் தாங்க."

"ஓம் மாமி. தாறன்."

பிறகும் எழும்பவில்லை. முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நான்தான் உங்கள அனுப்பினன். பேப்பர்ல எனக்குத்தான் ஆச. மகள ஊட்டுல வெச்சிட்டு உங்கள அனுப்பினன். உங்கட சத்தம் கேட்டா எனக்கு அந்த நாள்தான் நெனப்பு வரும். அதுதான் கதைக்கல்ல."

காத்திருந்த சொல் வந்துவிட்டது. வெளியே ஆட்டோவைக் காட்டினேன். "இத மச்சானிட்டச் சொல்லுங்க மாமி. இப்பவே கூப்பிடுறன்."

மாமி வீதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் இரிக்கிறது அவன்ட பொண்டாட்டிர ஊட்டுல. அங்க சோறு தின்டுக்கிட்டு இத எப்பிடிச் சொல்ற மகன்? அவள் என்ன வெளியில போடுவாள். நீங்க ஆம்புள. பொறுத்துக்கொள்ளுவீங்க."

இதையும் நேராகவே சொன்னார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். அடுத்த கிழமை கந்தோரில் கையெழுத்து வைக்கப் போனபோது மச்சான் பேனாவை நீட்டி, இப்போதாவது புத்தி வந்ததே என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான். மாமி அங்கேதான், வாங்கின் மூலையில் இருந்தார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. நான் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.