இரண்டாம் பாகத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது

காவிரித் தகராறு வந்து பெங்களூர்த் தியேட்டர்களில் இருந்து தமிழ்ப் படங்களை எடுத்துவிட்டால் ஓசூருக்கு பஸ் ஏறுவது இந்த ஊர்த் தமிழர்களுக்குப் பழகிப்போன விஷயம். பெரிய நடிகரின் படம் என்றால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஆனால் அமெரிக்காவில் எடுத்த ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் தமிழ் டப்பிங்கைப் பார்க்க எல்லை தாண்டியவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் நான்கு பேர்தான். அதே படம் ஆங்கிலத்தில் பிரிகேட் ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். எங்களுக்கு அது வேண்டாம். முதல் பாகத்தைத் தமிழில் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் வில்லன் வடசென்னைத் தமிழில்தான் உலகத்தை அழிப்பேன் என்று மிரட்டுவான். இரண்டாம் பாகத்தில் அவன் திடீரென்று ஆங்கிலம் பேசினால் அதுவே எங்களுக்குப் பெரிய முரண்.

நால்வரில் நானும் என் கணவரும் இருவர். நீலசந்திராவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தார். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கீழ் வீட்டு டீச்சர் மூன்றாவது ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுப் படியேறிவிடுவார். நான்காமவர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் கணவரின் ஊர்க்காரர். எங்களைவிட வயதில் பெரியவர், பிள்ளைகளுக்கென்று காமிக்ஸ் வாங்கித் தான் படித்து முடித்த பிறகு அவர்களுக்குக் கொடுக்கிற ரகம். முதல் பாகத்தை நாங்கள் ஒன்றாகப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதைப் பற்றிச் சண்டை போடாமல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. சண்டைக்குச் சட்டம் உண்டு. திரையில் காட்டாததைச் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது. ‘அவன் மனசுக்குள்ள நினைச்சிருப்பான்’ என்று யாராவது ஆரம்பித்தால் அவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

கதை இதுதான். நாயகனைத் தீ சுடாது. பகலில் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. எங்காவது தீப்பிடித்தால் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே புகுந்து ஆட்களைத் தூக்கி வருவான். இது அவன் மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் எதிரிகள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள், ஆயுளுக்கும் சொல்ல மாட்டேன் என்று முதல் பாகத்தின் கடைசியில் ஒரு பாலத்தின் மேல் நின்று சபதம் செய்வான். அந்தச் சபதம்தான் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. சொல்லிவிட வேண்டும் என்பது டீச்சர் கட்சி. சொல்லவே கூடாது என்பது என் கணவர் கட்சி. பீன்யாக்காரருக்குக் கட்சி கிடையாது, யார் பேசினாலும் எதிர்ப்பார். நான் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. மாத்திரை வாங்கி வரச் சொல்லலாம் என்று அவர் ஆபீஸுக்கு போன் செய்தேன். எடுத்த பெண் மிக மரியாதையாக, ஆங்கிலத்தில், அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றாள். அமெரிக்க வேலை நின்றுபோனதால் அவர் இருந்த குழுவையே போன மாதம் எடுத்துவிட்டார்களாம். யார் பேசுவது என்று கேட்டாள். நான் வைத்துவிட்டேன். அன்று காலையில்தான் அவர் கழுத்தில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு, முக்கியமான மீட்டிங் என்று சொல்லி, இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தார்.

அழவும் தெம்பில்லை. டிவியைப் போட்டேன். எங்கள் ஏரியா கேபிள்காரர் மத்தியானத்தில் ஓட்டும் படம் அன்றைக்கு எங்களுடைய முதல் பாகமாக இருந்தது. நாங்கள் தியேட்டரில் பார்க்காத ஒரு காட்சி அதில் வந்தது. அடுத்த ஷோவுக்கு நேரமாகிறதென்று தியேட்டரில் வெட்டியிருப்பார்கள். நாயகன், கைப்பகுதி கருகிப்போன முழுக்கைச் சட்டையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். மனைவி அதை எடுத்துப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிக்கோலால் இரண்டு கைகளையும் வெட்டி, மடித்துத் தைத்து, அரைக்கைச் சட்டையாக்கி மாட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். இந்த மாதிரி நிலைமையில் மற்ற பெண்கள் அம்மாவையோ அக்காவையோ கேட்பார்கள். நான் சினிமா பைத்தியம், டப்பிங் படத்தைக் கேட்டேன். நானும் பேசக் கூடாது என்று படுத்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

சாயந்தரம் வந்தவர் என் நெற்றியைத் தொட்டதும் பதறினார்.

“ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? ஓடி வந்திருப்பேனே.”

“தோணலைங்க. நல்லா தூங்கிட்டேன்.”

அவர் முகம் லேசானதைப் பார்த்தேன். அந்த நிம்மதியை நான் கொடுத்தேன் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் சட்டைக் காட்சியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வழக்கையே முடித்துவைக்கும் ஆதாரம் கையில் இருந்தும் பேசாமல் இருந்தது, என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய தியாகம் என்று.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை இப்போதும் என்னால் ஒவ்வொரு நாளாகச் சொல்ல முடியும். தினமும் கிளம்பினார். பகலெல்லாம் எங்கே இருந்தார், கப்பன் பார்க்கிலா, லைப்ரரியிலா, எந்தக் கம்பெனி வாசலில் பயோடேட்டாவோடு நின்றார் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருப்பேன். மாதம் பிறந்ததும் கம்பெனி கொடுத்தனுப்பிய தொகையில் இருந்து எடுத்துச் சம்பளம் என்று என் கையில் கொடுத்தார். சாயந்தரம் வந்து ஆபீஸ் கதை சொன்னார். நான் கேட்காமலே சொன்னார், அதுதான் கொடுமை.

கதையெல்லாம் ஓட்டை. போன வாரம் அமெரிக்கா போன மேனேஜர் இந்த வாரம் கேன்டீனில் சாம்பார் சரியில்லை என்று கத்தினார். கல்யாண லீவில் இருந்த பெண் ஆபீஸில் கேக் வெட்டினாள். படத்தில் மேஜை மேல் இருக்கும் டம்ளர் இடம் மாறினாலே கண்டுபிடித்துக் கூச்சல் போடுகிற மனுஷர், தன் கதையில் ஆட்களைக் கண்டபடி இடம் மாற்றினார். பழக்க தோஷத்தில் ஒருநாள், “அவர்தான் யு.எஸ். போயிட்டாரே” என்று கேட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த தோசைத் துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது. “ஓ, டிக்கெட் கேன்சல் ஆயிடுச்சுன்னு சொன்னீங்கல்ல, மறந்துட்டேன்” என்று நானே அவசரமாக ஒட்டுப் போட்டேன். அன்றிலிருந்து அவர் கதையை நான் பார்த்துக்கொண்டேன். யார் எங்கே போனார்கள், யார் யாரோடு சண்டை என்பதை எல்லாம் அவருக்கும் சேர்த்து நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். சமயத்தில் கோபம் பொத்துக்கொண்டு வரும். கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். என்னாச்சு என்பார். கை வழுக்கிடுச்சு என்பேன். ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு, அன்பாகத்தான் குடும்பம் நடத்தினோம்.

அந்த நிலைமையில்தான் இரண்டாம் பாகம் வந்தது. டீச்சர் அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போவதையே தியாகம் செய்தார். நாங்கள் நால்வரும் ஓசூரில் பகல் காட்சிக்குப் போனோம்.

படத்தின் நடுவில் நாயகனுக்குச் சக்தி போய்விடுகிறது. தீ சுட ஆரம்பிக்கிறது. அப்படியும் முகமூடியை மாட்டிக்கொண்டு தினமும் கிளம்புகிறான். எனக்குப் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் சபதத்தை மீறி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் சிரித்துக்கொண்டே, எனக்கு எப்பவோ தெரியுமே என்கிறாள். அவன் அவளைக் கட்டிக்கொள்கிறான். தியேட்டரில் விசில் பறந்தது. என் கணவர் கைதட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் பீன்யாக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா குரு இது? பொறந்ததுல இருந்து இருக்கிற சக்தின்னு மொதல் பாகத்துல சொன்னான். அது எப்பிடி திடீர்னு போவும்?”

“போகும்ணா,” என்றார் என் கணவர். “ஒரே நாள்ல போகும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தேன்.

“அதை விடுங்க,” என்றார் டீச்சர். “அந்தப் பொண்ணுக்கு வேற யாரோ வாய்ஸ் குடுத்திருக்காங்க, சகிக்கல. ஆனா கடைசியில அவனாவே வந்து சொன்னான் பாருங்க. எனக்கு அது போதும்.”

“அவன் சொன்னது கெடக்கட்டும் டீச்சர். அவளுக்கு எப்பவோ தெரியும்ன்றாளே, அது சுத்தப் பொய். மொதல் பாகத்துல அவன் வர லேட்டாவுதுன்னு ஜன்னல்கிட்ட நின்னு அழுவுறா. தீ சுடாதுன்னு தெரிஞ்சவ எதுக்கு அழுவணும்? டைரக்டருக்கு மறந்துபோச்சு, அவ்ளோதான்.”

“சுடும்னு அழலண்ணா,” என்றேன். “வந்ததும் இன்னொரு பொய் சொல்வானேன்னு அழறா.”

“இது எங்க காட்டினான்? தங்கச்சி, இன்னிக்கு டீ உன்னுது!”

டீச்சரும் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சிருந்தா, அவ அவனை வேடிக்கை பார்த்திருக்கான்னு அர்த்தம்,” என்றார். “ஒருத்தன் தினமும் வேஷம் போட்டுக்கிட்டுக் கிளம்பறான். வேஷம்னு தெரிஞ்சே வாசல்ல நின்னு டாட்டா காட்டியிருக்கா. அதைவிட அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். நல்லவேளை, அண்ணன் சொல்ற மாதிரி அது டைரக்டர் தப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. வேடிக்கையா? மேனேஜரை அமெரிக்காவில் இருந்து திருப்பிக் கூட்டி வந்தது வேடிக்கையா? அத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்த ஆத்திரம் சினிமாவை வைத்துக்கொண்டு வெளியே வந்தது.

“அவ வேடிக்கை பார்க்கல, அவனைக் காப்பாத்தினா. முதல் பாகத்துலயே ஆதாரம் இருக்கு. நாம பார்த்த தியேட்டர்ல வெட்டிட்டாங்க.”

சட்டைக் காட்சியை ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தரிக்கோலைக்கூடக் கையால் வெட்டிக் காட்டினேன். பீன்யாக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“இம்மா பெரிய மேட்டரை இத்தினி நாளா சொல்லாம வெச்சிருந்தியே! எங்க பாத்தே?”

“கேபிள்லண்ணா. எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அன்னிக்கு மத்தியானம். இவர் ஆபீஸுக்கு போன் பண்ணிட்டு வந்து படுத்தேன், அப்பத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மற்ற இருவருக்கும் அதில் ஒன்றுமில்லை, அவர்களுக்குச் சட்டைதான் முக்கியம். அப்படியானால் டைரக்டர் கில்லாடிதான் என்று பீன்யாக்காரர் கட்சி மாறிக்கொண்டிருந்தார். என் கணவர் என்னையே பார்த்தார். போன் பண்ணத் தோணவில்லை, தூங்கிவிட்டேன் என்று அன்றைக்கு நான் சொன்னது அவருக்கு மறந்திருக்காது. முன்னுக்குப் பின் முரணைப் பிடிப்பதில் எங்கள் நால்வரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ‘முந்தே ஹோகி, முந்தே’ என்று கண்டக்டர் கன்னடத்தில் எல்லோரையும் முன்னால் தள்ளினார். டீச்சருக்கும் பீன்யாக்காரருக்கும் முன்பக்கம் இடம் கிடைத்தது. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டியதும் அவர் கேட்டார்.

“போனை எடுத்தது யாரு?”

“ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு.”

“எல்லாத்தையும் சொன்னாளா?”

“சொன்னா.”

கொஞ்ச தூரம் போனது.

“மேனேஜர் டிக்கெட் கேன்சல் ஆச்சுன்னு நான் சொல்லவே இல்ல, இல்லையா?”

“இல்லைங்க.”

அவர் அப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சாயந்தரமாக, ஒவ்வொரு கதையாக, நான் எங்கெங்கே தலையாட்டினேன் என்று திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தை நாங்கள் எப்படிப் பிரித்துப் போடுவோமோ அப்படி. என் கையைப் பிடித்துக்கொள்வார், அழுதாலும் அழுவார், வீட்டுக்குப் போனதும் மனம்விட்டுப் பேசி எல்லாம் லேசாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு விடுதலைகூட வந்துவிட்டது.

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதாங்க சொல்லல,” என்றேன்.

“தெரியும்.”

நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், அன்றைக்கே உடைந்திருப்பார். எத்தனையோ தடவை எனக்குள்ளேயே இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை கிடைத்தது, நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஆபீஸில் நடந்தது என்று அவர் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. நான் கேட்டால், ஒன்றுமில்லை என்பார்.

அன்று பொம்மனஹள்ளி நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். கோபமே இல்லாத குரல்.

“ஆபீஸ்ல வேலை போயிடுச்சு. போய்க் கேட்ட இடத்துல எல்லாம் இல்லைன்னுட்டாங்க. நம்ம வீட்டுல மட்டும்தான் நான் இன்னும் வேலையில இருந்தேன். இன்னிக்கு அதுவும் போச்சு.”